எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? பணம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

கடைச் சுவரில் ஒரே வடிவத்தில், ஒரே நிறத்தில் இரண்டு கிட்டார்கள் தொங்கும். ஒன்றின் விலை மற்றதைப் போலப் பத்து மடங்கு. புதிதாக வாங்க வந்தவர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தாலும், தலைப்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைத் தவிர வேறு வித்தியாசம் அவருக்குப் பிடிபடாது. சரி, விலை அதிகம் என்றால் ஏதோ இருக்கும் என்று நினைத்துக் கையிருப்பை மீறி வாங்குவார். இல்லாவிட்டால், எல்லாம் ஒன்றுதானே என்று இருப்பதிலேயே மலிவானதைத் தூக்கிக்கொண்டு போவார். இரண்டு பேருமே பாதி சரி, பாதி தவறு.

கிட்டாருக்குக் கொடுக்கும் பணம் மூன்று இடங்களுக்குப் போகிறது: பாகங்கள், மனித உழைப்பு, பெயர். இதில் நடுவில் இருப்பதுதான் முக்கியம். பாடியையும் (உடல்) நெக்கையும் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பகுதி) இப்போது கணினி இயக்கும் இயந்திரங்கள்தான் வெட்டுகின்றன, அதனால் மலிவான கிட்டாரின் வெட்டும் அளவும்கூடத் துல்லியமாகவே இருக்கிறது. ஆனால் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனைகளை ஒவ்வொன்றாக அரம் வைத்து உருட்டுவது, நட்டின் (நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) பள்ளங்களைக் கம்பிக்கு ஏற்ற ஆழத்தில் அறுப்பது, கடைசியில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துத் திருகுகளைச் சரிசெய்வது, இதற்கெல்லாம் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மலிவான கிட்டாரில் முதலில் வெட்டப்படுவது அந்த நேரம்தான். அந்த வேலையைப் பின்னால் ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம், ஆனால் முறுக்கிப்போன நெக்கை யாராலும் எளிதில் நிமிர்த்த முடியாது. அதனால் கீழே வரும் எல்லாப் படிகளிலும் நான் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்: இதைப் பின்னால் மாற்ற முடியுமா, முடியாதா? முடியும் என்றால் அதற்காக இன்றைக்கு அதிகம் கொடுக்க வேண்டாம்.

படி 1: கிட்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் பணத்தைப் பங்கு போடுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் தனியாக ஒரு வாத்தியமே இல்லை. ஒலியைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப்போடு சேர்ந்தால்தான் அது வாத்தியம். கைப்பணம் முழுவதையும் கிட்டாரில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒரு பொம்மை ஆம்ப்பை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நல்ல ஆம்ப்பில் சாதாரண கிட்டார் நன்றாகவே ஒலிக்கும், மோசமான ஆம்ப்பில் எந்த கிட்டாரும் கொசு மாதிரி ரீங்காரம் இடும். காதுக்கு வருவது ஸ்பீக்கரின் சத்தம்தானே.

என் கணக்கு இது: மொத்தப் பணத்தைப் பத்துப் பங்காக்குங்கள். ஆறு பங்கு கிட்டாருக்கு, மூன்று பங்கு ஆம்ப்புக்கு, மீதி ஒரு பங்கில் கேபிள், டியூனர், தோள்வார், பிக், ஒரு செட் கூடுதல் கம்பி, அப்புறம் முதல் செட்டப்புக்கான (வாசிக்க வாகாகத் திருகிச் சரிசெய்யும் வேலை) கூலி. கடைசியாகச் சொன்ன கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் மலிவான கிட்டாரை வாசிக்கத் தகுந்ததாக்குவது அதுதான்.

வீட்டில் மட்டும் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 10 முதல் 20 வாட் வரை உள்ள மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் ஒலியை மின்னணு முறையில் உருவாக்குவது) தாராளமாகப் போதும். வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வாட் பத்து மடங்கானால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். 5 வாட் வால்வு ஆம்ப் ஒன்றை முழுசாகத் திருகினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பாருங்கள், ராத்திரியில் பயிற்சி செய்கிறவருக்கு அது எந்த எஃபெக்டையும்விடப் பெரிய வசதி. கணினி இருக்கிறது, ஆம்ப் வேண்டாம் என்றால் கிட்டாருக்கென்று தனி உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி மென்பொருள் ஆம்ப்பில் வாசிக்கலாம். வீட்டு ஸ்டீரியோவில் மட்டும் நேராகச் செருகாதீர்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பிக்அப்பின் மின்தடைக்கும் அதன் உள்ளீட்டுக்கும் பொருந்தாது, சத்தம் மங்கலாகவும் உயிரில்லாமலும் வரும்.

படி 2: என்ன வாசிக்கப் போகிறீர்கள்?

வடிவத்தைப் பார்த்து ஆசைப்படுவது தவறில்லை. பார்க்கும்போதே கையில் எடுக்கத் தோன்றாத கிட்டாரை யாரும் தினமும் வாசிக்கப் போவதில்லை. ஆனால் அந்த வடிவத்துக்குள் எந்தப் பிக்அப் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சிங்கிள் காயில் என்றால் ஒரு காந்தத் தொகுதியைச் சுற்றி ஒரே ஒரு கம்பிச் சுருள். ஒலி தெளிவாக, கூர்மையாக, மணி மாதிரி இருக்கும். குறை என்னவென்றால் வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கெயின் (ஆம்ப்பில் ஒலியைப் பெருக்கும் அளவு) ஏற ஏற அந்த இரைச்சலும் ஏறும். கிப்ஸன் கிட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழிக்கு விண்ணப்பித்தார்: இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர். 1957 முதல் கிட்டார்களில் வரத் தொடங்கியது. ஒலி தடிமனாக, சூடாக இருக்கும், டிஸ்டார்ஷனை (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) தாங்கும்.

மெட்டல், கனமான ராக் என்றால் ஹம்பக்கர். ஃபங்க், சுத்தமான தாளக் கோர்டுகள், கன்ட்ரி என்றால் சிங்கிள் காயில். ப்ளூஸ், ஜாஸ், சினிமாப் பாட்டு எல்லாம் இரண்டிலும் வாசிக்கப்படுகிறது. இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கம் ஹம்பக்கரும், நடுவிலும் நெக் பக்கமும் சிங்கிள் காயிலும் உள்ள அமைப்பு, ஹெச்.எஸ்.எஸ். என்று போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் ஓரளவு செய்யும். எதிலும் உச்சம் இல்லை என்று குறை சொல்வார்கள், முதல் வருஷத்தில் அந்த உச்சம் யாருக்கும் தேவைப்படாது.

பிக்அப் மாற்ற முடிகிற பொருள் என்பதையும் மறக்காதீர்கள். நான்கைந்து திருகு, இரண்டு மூன்று சால்டரிங், முடிந்தது. ஆகவே “இதில் உயர்தர பிக்அப் போட்டிருக்கிறது” என்பதற்காக மட்டும் ஒரு கிட்டாருக்கு அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. நெக் நன்றாக இருந்து பிக்அப் சுமாராக இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். தலைகீழாக இருந்தால் வேண்டாம்.

படி 3: பிரிட்ஜில் ஏமாறாதீர்கள்

என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரில் இரட்டைப் பூட்டு ட்ரெமலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை மாற்றும் பிரிட்ஜ்) இருந்தது. பார்க்க விண்கலத்தின் பாகம் மாதிரி இருக்கும், கையால் அழுத்தினால் ஒலி பாதாளம் வரை இறங்கும், அந்த ஒன்றுக்காகவே வாங்கினேன். முதல் தடவை கம்பி அறுந்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தவன் பத்தரைக்கு எழுந்தேன், அப்போதும் டியூன் ஆகவில்லை. ஒரு கம்பியை இறுக்கினால் பிரிட்ஜ் மேலே எழும், மற்ற ஐந்தும் இறங்கும், அந்த ஐந்தைச் சரிசெய்தால் முதல் கம்பி இறங்கிவிடும். குறை அந்தப் பொருளில் இல்லை, அதைப் பற்றி எதுவுமே தெரியாமல் வாங்கிய எனக்குத்தான்.

ஃப்ளாய்ட் ரோஸ் வகை எனப்படும் இந்த இரட்டைப் பூட்டு ட்ரெமலோ நல்ல தரத்தில் இருந்தால் எவ்வளவு ஆட்டினாலும் டியூனிங் நிற்கும். ஆனால் குறைந்த விலையில் வரும் நகல்களில் உலோகம் மென்மை, பிரிட்ஜ் ஊன்றி ஆடும் கத்திமுனைகள் சீக்கிரம் தேயும், அப்புறம் டியூனிங் நிற்காது. அதோடு, இந்த வகைக்காகக் குடைந்த பாடியில் சாதாரண பிரிட்ஜை வைப்பது சுலபமில்லை, அதாவது இது மாற்ற முடியாத பட்டியலில் சேரும். முதல் கிட்டார், பணமும் குறைவு என்றால் அசையாத பிரிட்ஜ் உள்ளதைப் பாருங்கள்: டெலிகாஸ்டர் வகையில் வருவது, லெஸ் பால் வகையில் வரும் ட்யூன்-ஓ-மேட்டிக், அல்லது வெறும் ஹார்ட்டெயில். ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில் உள்ள சாதாரண ட்ரெமலோவும் பரவாயில்லை. பின்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கிப் பாடியோடு ஒட்டவைத்துவிட்டால் அதுவும் அசையாத பிரிட்ஜ்தான்.

படி 4: நெக், இங்கேதான் பணம் போக வேண்டும்

உங்கள் இடது கை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பது நெக்கை. (இடக்கைக்காரர்களுக்கு வலது கை. இடக்கை மாடல்கள் குறைவாகத்தான் கிடைக்கும், அதனால் உங்களுக்குத் தேர்வு இன்னும் சுருங்கும்.) இதில் அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கடைக்காரர் பேச்சில் தொலைந்துபோக மாட்டீர்கள்.

ஸ்கேல் நீளம் என்பது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம். ஃபெண்டர் வகையில் 25.5 அங்குலம், அதாவது சுமார் 648 மி.மீ. கிப்ஸன் வகையில் 24.75 அங்குலம், சுமார் 629 மி.மீ. பி.ஆர்.எஸ். நிறுவனத்தினுடையது நடுவில், 25 அங்குலம். ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்கு இழுத்தால் நீளமான ஸ்கேலில் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம். குட்டை ஸ்கேலில் பெண்ட் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) செய்வது லேசாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சிறிய கைகளுக்குக் குட்டை ஸ்கேல் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் கணக்குப் போட்டால் முதல் ஃப்ரெட்டின் இடைவெளியில் வித்தியாசம் 1 மி.மீ. சொச்சம்தான். கை சிறியது என்று கவலைப்படுகிறவர்கள் நெக்கின் பருமனைப் பாருங்கள், அதுதான் அதிகம் உறைக்கும்.

அடுத்தது ஃப்ரெட்போர்டின் வளைவு. 7.25 அங்குல ரேடியஸ் என்றால் நன்றாக வளைந்தது, பழைய ஃபெண்டர் பாணி. கோர்டு பிடிக்கச் சுகம், ஆனால் கம்பி உயரத்தைக் குறைத்து வைத்துப் பெரிதாக பெண்ட் செய்தால் ஒலி பாதியில் அடைத்துக்கொள்ளும். 9.5 இப்போதைய ஃபெண்டர், 12 கிப்ஸன் வகை, 16 என்றால் கிட்டத்தட்டத் தட்டை, வேகமாக வாசிக்கிறவர்களுக்குப் பிடித்தது. புதியவருக்கு 9.5-இலிருந்து 12 வரை எதுவாக இருந்தாலும் சரி.

நெக் பாடியோடு சேரும் விதத்தில் போல்ட் போட்டது மலிவு, பசை போட்டு ஒட்டியது உயர்வு என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். லியோ ஃபெண்டர் 1950-இல் தொடங்கியதே போல்ட் நெக்கோடுதான், இன்றைக்கும் மிக விலையுயர்ந்த கிட்டார்கள் பலவற்றில் அதே நான்கு திருகுகள் இருக்கின்றன. உண்மையில் முதல் கிட்டாருக்குப் போல்ட் நெக்கே நல்லது. ஏதாவது ஆனால் கழற்றி மாற்றலாம்.

படி 5: கையில் எடுத்ததும் பதினைந்து நிமிஷச் சோதனை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், கட்டுரையில் பணம் மிச்சப்படுத்தப் போவது இதுதான். ஆம்ப்பில் செருகாமலேயே தொடங்குங்கள். ஆம்ப் பல பாவங்களை மறைத்துவிடும்.

முதலில் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்து, பிரிட்ஜ் பக்கத்திலிருந்து தலை வரை நெக்கின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி லேசாக வளைந்திருந்தால் பிரச்சினை இல்லை, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். ஓர் ஓரம் மேலே, மற்றது கீழே என்று முறுக்கியிருந்தால் அந்த கிட்டாரைத் திரும்பச் சுவரில் மாட்டிவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

வளைவை அளக்க ஒரு எளிய வழி: மிகத் தடிமனான ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் பாடியோடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு அளவுகோல். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.2 மி.மீ. அளவு இடைவெளி இருந்தால் நல்லது, சாதாரண எழுதும் தாள் இரண்டைச் சேர்த்து வைத்த தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியே இல்லையென்றாலும், ரொம்ப அதிகம் என்றாலும், கடைக்காரரை ட்ரஸ் ராடைத் திருகிக் காட்டச் சொல்லுங்கள். திருகு அசைய வேண்டும், நெக் நகர வேண்டும்.

பிறகு நெக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓடவிடுங்கள். ஃப்ரெட் முனைகள் குத்துகின்றனவா? வறண்ட காற்றில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். லேசான குத்தல் என்றால் அரை மணி நேர அர வேலை. கையைக் கிழிக்கும் அளவு என்றால் அந்தத் தொழிற்சாலையில் மரம் சரியாக உலரவில்லை என்று பொருள், தள்ளி வையுங்கள்.

இப்போது ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். ஆமாம், எல்லாவற்றையும், நூற்று முப்பது சொச்சம் ஸ்வரங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரகரவென்று வந்தால் அடுத்த ஃப்ரெட் மற்றவற்றைவிட உயரமாக இருக்கிறது. முதல் நாலைந்து ஃப்ரெட்களில் மட்டும் கரகரப்பு என்றால் நெக் மிகவும் நேராக இருக்கிறது, ட்ரஸ் ராடைத் தளர்த்தினால் போகும். எல்லா இடத்திலும் வந்தால் கம்பி தாழ்வாக இருக்கிறது, பிரிட்ஜை உயர்த்தினால் போதும். முதலில் சொன்னதற்கு மட்டும்தான் உண்மையான செலவு, ஃப்ரெட்களைச் சமன்படுத்த வேண்டியிருக்கும். மேலே 12 முதல் 17 வரையுள்ள ஃப்ரெட்களில் முதல் இரண்டு கம்பிகளைப் பெரிதாக பெண்ட் செய்து பாருங்கள், ஒலி நடுவில் செத்துப்போகக் கூடாது.

கம்பி உயரத்தை 12-ஆவது ஃப்ரெட்டில் பாருங்கள். கம்பியின் அடிப்பக்கத்துக்கும் ஃப்ரெட்டின் மேல்பக்கத்துக்கும் இடையே 1.5 முதல் 2 மி.மீ. வரை இருந்தால் வசதி. அதிகமாக இருந்தால் பயப்பட வேண்டாம், பெட்டியிலிருந்து வரும் கிட்டார்கள் பெரும்பாலும் உயரமாகத்தான் வரும், அது ஆலன் கீ (அறுகோணத் திருகு சாவி) வேலை.

நட்டை மறக்கிறவர்கள் அதிகம். டியூனிங் நிற்கவில்லை என்றால் உடனே பெக் (தலையில் கம்பியை முறுக்கும் திருகு) சரியில்லை என்று பெக்கை மாற்றுவார்கள், பணம் போகும், டியூனிங் நிற்காது. பாதிக்கு மேல் நேரம் குற்றவாளி நட்தான். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள், மயிரிழை இடைவெளி இருந்தால் பள்ளத்தின் ஆழம் சரி. ரொம்ப உயரமாக இருந்தால் திறந்த கோர்டுகள் பிடிக்க விரல் வலிக்கும், சுருதியும் கொஞ்சம் ஏறிக் கேட்கும். பெக்கைத் திருகும்போது “டிங்” என்று சத்தம் வந்து சுருதி குதித்தால் கம்பி பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. பள்ளத்தில் பென்சிலைத் தேய்த்துப் பாருங்கள், அதிலுள்ள கிராஃபைட் வழுக்கிக் கொடுக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு ஆம்ப்பில் செருகுங்கள், நீங்கள் வாங்கப் போகும் ஆம்ப்பைப் போன்ற ஒன்றில். கடையின் மிகப் பெரிய வால்வு ஆம்ப்பில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். எல்லாக் குமிழ்களையும் மெதுவாகத் திருகுங்கள், சுவிட்சை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துங்கள், கேபிள் செருகிய இடத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். கரகரப்பு வந்தால் மலைக்க வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும், மாற்றினாலும் சின்னச் செலவு. ஆனால் பேரத்துக்கு நல்ல காரணம்.

கடைசியாக, தோளில் மாட்டி நின்று பாருங்கள். ஸ்ட்ராடோகாஸ்டர் வகை பொதுவாக மூன்றரை கிலோ அருகில், லெஸ் பால் வகை நான்கைத் தாண்டும். கிப்ஸனின் எஸ்.ஜி. வடிவத்தில் கையை எடுத்தால் தலை தரையை நோக்கிச் சாயும். பத்து நிமிஷத்தில் தெரியாது, ஒரு மணி நேரத்தில் தோள் சொல்லும்.

மரத்தைப் பற்றி நடக்கும் சண்டை

மஹோகனியா, ஆல்டரா, பாஸ்வுட்டா என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கும். என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்: அக்கூஸ்டிக் கிட்டாரில் மரம்தான் எல்லாம், எலெக்ட்ரிக்கில் பிக்அப், கம்பி, ஆம்ப், ஸ்பீக்கர் இவற்றுக்குப் பின்னால்தான் மரம் வருகிறது. பிக்அப் காந்தப் புலத்தில் கம்பி அசைவதைத்தான் பிடிக்கிறது. லெஸ் பால் என்ற கலைஞர் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு கனமான பைன் கட்டையில் கம்பியும் பிக்அப்பும் பொருத்தி வாசித்தார், பார்க்க கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று பக்கங்களில் ஓர் எபிஃபோன் கிட்டாரின் உடலை அறுத்து ஒட்டினார். குயீன் குழுவின் பிரையன் மே, அப்பாவோடு சேர்ந்து 1963-இல் தொடங்கிக் கையால் செய்த கிட்டாரின் நெக் ஒரு பழைய கணப்பு மேடையின் மரம், ட்ரெமலோ ஸ்பிரிங்குகள் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்தவை. வாழ்நாள் முழுக்க அதைத்தான் வாசிக்கிறார். ஆகவே பாடி மரத்தின் பெயருக்காக விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள். மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், தாங்க முடிகிற எடையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நெக் மரத்தில் மட்டும் இந்த அலட்சியம் கூடாது.

படி 6: எந்த விலை அடுக்கில் நிற்பது?

ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால் மடங்கில் பேசலாம். பெயர் தெரிந்த நிறுவனம் ஒன்றின் மிக மலிவான மாடலின் விலையை ஒன்று என்று வையுங்கள்.

ஒன்றுக்கும் கீழே, பெயரே இல்லாமல் ஆம்ப், பை, கேபிள் எல்லாம் சேர்த்துப் பெட்டியாக வருபவை உண்டு. இவற்றில் நல்லது கிடைப்பது அதிர்ஷ்டம். ஒன்றில் ஸ்குவியர் சோனிக், ஐபனீஸ் ஜியோ போன்றவை, மேலே சொன்ன சோதனையில் தேறினால் ஒரு செட்டப் செய்து தைரியமாக வாசிக்கலாம். இரண்டிலிருந்து மூன்று வரைதான் என் கண்ணில் கொடுக்கும் பணத்துக்கு அதிகம் கிடைக்கும் இடம்: ஸ்குவியர் கிளாசிக் வைப், யமஹா பசிஃபிகா, எபிஃபோனின் நடுத்தர மாடல்கள், கோர்ட். இங்கே ஃப்ரெட் வேலை கண்ணுக்குத் தெரிகிற அளவு மேம்படும், பெக்கும் குமிழ்களும் நம்பத் தகுந்தவையாக இருக்கும். அதைத் தாண்டி ஐந்து ஆறு மடங்குக்குப் போனால் பி.ஆர்.எஸ். எஸ்.இ., மெக்ஸிகோவில் செய்யும் ஃபெண்டர் மாதிரியானவை. நல்ல கிட்டார்கள், வாழ்நாளுக்கும் போதும். பத்துக்கு மேல் அமெரிக்க ஃபெண்டர், கிப்ஸன். ஒன்றிலிருந்து மூன்றுக்கு வரும்போது தரம் தாவிக் குதிக்கும், ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் போகும்போது அது ஓர் அடி எடுத்து வைக்கும், அந்த ஓர் அடியும் பலருக்கு ஒலியில் தெரியாது, கையில்தான் தெரியும். பூச்சின் மெல்லிய தன்மை, உருட்டிய ஓரங்கள், விற்கப் போனால் பெயருக்காகக் கிடைக்கும் நல்ல விலை, இதெல்லாம் அங்கே அடங்கும்.

செய்த நாட்டைப் பார்த்து முடிவு செய்வதும் பழைய பழக்கம். ஸ்குவியர் என்ற பெயரில் ஃபெண்டர் 1982-இல் ஜப்பானில் செய்யத் தொடங்கிய கிட்டார்களை இன்றைக்குத் தேடித் தேடி வாங்குகிறார்கள், அன்றைக்கு அவை “மலிவு நகல்”. இந்தோனேசியாவில் கோர்ட்டின் தொழிற்சாலையில் பி.ஆர்.எஸ். எஸ்.இ. உட்பட வேறு நிறுவனங்களின் கிட்டார்களும் உருவாகின்றன. தலையில் உள்ள பெயரைவிட, எந்த அளவு கறாராகத் தரம் பார்க்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள் என்பதே முக்கியம், அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி படி 5.

படி 7: பழைய கிட்டார் வாங்கலாமா?

கட்டாயம் பாருங்கள். மூன்று மடங்கு விலையுள்ளது இரண்டு மடங்கு விலைக்கு, சில சமயம் அதற்கும் கீழே வரும். ஆசையில் வாங்கி ஆறு மாதத்தில் விட்டவர்களின் கிட்டார்கள் புத்தம்புதிதாகவே இருக்கும். படி 5 முழுவதும் பொருந்தும், கூடவே மூன்று இடங்களைப் பாருங்கள். தலை பின்னால் சாய்ந்திருக்கும் கிப்ஸன் வகை கிட்டாரில் நட்டுக்குப் பின்புறம் விளக்கு அடித்துப் பாருங்கள், விழுந்தால் உடைவது அங்கேதான். ஒட்டியது வலுவாக இருக்கலாம், ஆனால் விலை நன்றாக இறங்க வேண்டும். இரண்டாவது, முதல் ஐந்து ஃப்ரெட்களில் கம்பிக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று. ஆழமாக இருந்தால் ஃப்ரெட் முழுவதையும் மாற்ற வேண்டும், மலிவான கிட்டாருக்கு அந்தக் கூலி கிட்டாரின் விலையை நெருங்கிவிடும். மூன்றாவது, ட்ரஸ் ராட் ஏற்கெனவே கடைசி வரை இறுக்கப்பட்டிருக்கிறதா. இன்னும் திருக இடமில்லை என்றால் நெக் வளைந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கீறல், நிறம் மங்கியது, பிளாஸ்டிக் மஞ்சளானது எல்லாம் உங்கள் நண்பர்கள். அவை விலையைக் குறைக்கும், ஒலியைத் தொடாது.

படி 8: இணையத்தில் வாங்கினால்

தொட்டுப் பார்க்க முடியாது, அதனால் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை முதலில் படியுங்கள். குறைந்தது ஒரு வாரமாவது அவகாசம் வேண்டும், திரும்ப அனுப்பும் செலவு யாருடையது என்பதும் தெரிய வேண்டும். பெட்டி வந்ததும் பிரிப்பதைப் படம் பிடியுங்கள். குளிர்ந்த வண்டியில் வந்திருந்தால் சில மணி நேரம் மூடியே வையுங்கள், சட்டென்று சூட்டுக்கு வந்தால் பூச்சு வெடிக்கலாம். அப்புறம் அன்றைக்கே படி 5-ஐ முழுசாகச் செய்யுங்கள், அவகாசம் முடிந்த பிறகு கண்டுபிடிக்கும் முறுக்கிய நெக் உங்களுடையது.

படி 9: வாங்கிய பிறகு

முதல் வேலை கம்பியை மாற்றுவது. கடையில் மாதக்கணக்கில் தொங்கிய கம்பி துருவேறியிருக்கும். விரல் பழகும் வரை 0.009 அங்குலத்தில் தொடங்கும் செட், பிறகு வேண்டுமானால் 0.010. தடிமனை மாற்றினால் நெக்கின் வளைவும் மாறும், அதனால் எந்தத் தடிமன் என்று முடிவு செய்துவிட்டு செட்டப்புக்குக் கொடுங்கள். ட்ரஸ் ராட், கம்பி உயரம், நட், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது) நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்டொனேஷனை நீங்களே சரிபார்க்கலாம்: 12-ஆவது ஃப்ரெட்டில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஸ்வரமும் டியூனரில் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜிலுள்ள சாடிலை (கம்பி உட்காரும் சிறு துண்டு) பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால்.

மேம்படுத்தும் ஆசை இரண்டாவது மாதமே வரும். அதற்கு என் வரிசை: முதலில் செட்டப், பிறகு நல்ல நட், அப்புறம் பிக்அப், தேவைப்பட்டால் மட்டும் பெக். கிட்டாரின் விலையில் பாதிக்கு மேல் பாகங்களுக்குச் செலவாகும்போல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். விற்கும்போது மாற்றிய பாகங்களுக்கு யாரும் தனியாகப் பணம் தர மாட்டார்கள், அதனால் கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். விற்கிற அன்று பழையதைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டு, நல்ல பிக்அப்பை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.